சுங்கை சிப்புட்டிலிருந்து பால்வீதியை எடைபோடுவது எப்படி: விண்மீன் நகர்வுகளைக் கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்டு மாத நடுவில், இரவு ஒன்பது மணி சுமாருக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்திலிருந்து 56 பாகை உயரத்தில், மூலத்தின் தேள்வாலுக்கும் பூராடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், நம் பால்வீதியின் மையம் இருக்கிறது. டவுன் விளக்குகளை விட்டுச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் சிறிது உள்ளே போய்விட்டால், புகைமூட்டமும் மேகமும் இல்லாத இரவில் அந்த வெண்பட்டை கண்ணுக்கே தெரியும். லண்டனில் இருப்பவருக்கு அதே மையம் 10 பாகை உயரம்கூட எழுவதில்லை. வானத்தைப் பொறுத்தவரை நம் ஊர் பின்தங்கிய ஊர் இல்லை.

தரவைப் பொறுத்தவரையும் அப்படித்தான். பால்வீதியின் வடிவத்தையும் எடையையும் கணக்கிடப் பெரிய ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் அதே அளவீடுகள் இன்று எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. படிவம் ஆறு கணிதம், ஒரு பழைய மடிக்கணினி, ஓரளவு இணையம் ஆகியவை போதும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லித்தரும் நான் இந்த வழிகாட்டியை அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு எட்டாத பொருள் இதில் எதுவும் இல்லை.

எதை அளக்கிறோம்?

விண்மீன்கள் நகர்கின்றன என்பதை 1718இல் எட்மண்ட் ஹாலி கண்டறிந்தார். சிரியஸ், சுவாதி, ரோகிணி ஆகிய மூன்றும் பழைய கிரேக்கப் பட்டியலில் குறிக்கப்பட்ட இடத்திலிருந்து விலகி நிற்பதை அவர் கவனித்தார். வானத்தின் குறுக்கே நடக்கும் இந்த இடப்பெயர்ச்சியை இங்கே குறுக்கு நகர்வு என்று சொல்கிறேன். ஆண்டுக்கு எத்தனை மில்லி வில்விநாடி என்று அதை அளப்பார்கள். ஒரு பாகையில் 3,600 வில்விநாடிகள். ஒரு வில்விநாடியில் 1,000 மில்லி வில்விநாடிகள்.

குறுக்கு நகர்வு வெறும் கோணம்தான். அதை வேகமாக மாற்றத் தொலைவு வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன் பின்னணியில் சற்றே அசைவதாகத் தோன்றும். அந்த இடமாறு தோற்றக் கோணத்தைக் கொண்டு தொலைவை அறிகிறோம். கோணத்தை மில்லி வில்விநாடியில் எடுத்து 1,000ஐ அதனால் வகுத்தால் தொலைவு பார்செக்கில் கிடைக்கும். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு. நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை நிறமாலைக் கோடுகளின் பெயர்ச்சி சொல்லும்; அது பார்வைக்கோட்டு வேகம்.

இவை அனைத்தையும் பெரிய அளவில் அளந்து தந்தது ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம். 2013 டிசம்பர் 19இல் ஏவப்பட்டு, 2025 ஜனவரி 15 வரை வானத்தை அளந்தது. 2022 ஜூன் 13இல் வெளியான அதன் மூன்றாம் தரவுத் தொகுப்பில் சுமார் 180 கோடி ஒளிமூலங்கள் உள்ளன. அவற்றில் 146 கோடி அளவுக்கு இடமாறு தோற்றமும் குறுக்கு நகர்வும் உண்டு. பார்வைக்கோட்டு வேகம் 3.3 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களுக்குக் கிடைக்கிறது. அதற்கு முன்னோடியான ஹிப்பார்கஸ் விண்கலத்தின் 1997ஆம் ஆண்டுப் பட்டியலில் 1,18,218 விண்மீன்களே இருந்தன.

முதலில் ஒரே ஒரு விண்மீன், கையால்

கணினியைத் திறக்கும் முன் ஒரு விண்மீனைத் தாளில் போட்டுப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பின்னால் லட்சக்கணக்கான வரிகளில் அலகு பிசகினால், எந்த எண் இயல்பானது, எது அபத்தம் என்று சொல்ல இந்த ஒரு கணக்குதான் கை கொடுக்கும்.

நமக்குப் பொருத்தமானது பர்னார்டு விண்மீன். வானத்தில் மிக வேகமாக நகர்வது அதுவே. 1916இல் எட்வர்டு பர்னார்டு இதைக் கண்டறிந்தார். அதன் வான்சாய்வு, அதாவது வானத்து அட்சரேகை, வடக்கே ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவு. சுங்கை சிப்புட்டின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே அந்த விண்மீன் நம் ஊரைக் கடக்கும்போது கிட்டத்தட்ட நேர் உச்சியில் கடக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது; சிறு தொலைநோக்கி வேண்டும்.

அதன் இடமாறு தோற்றம் 547 மில்லி வில்விநாடி. 1,000ஐ 547ஆல் வகுத்தால் 1.83 பார்செக், அதாவது ஏறக்குறைய 6 ஒளியாண்டு. குறுக்கு நகர்வு ஆண்டுக்குச் சுமார் 10,390 மில்லி வில்விநாடி. இப்போது இந்த வழிகாட்டி முழுவதற்கும் தேவையான சூத்திரம்:

குறுக்கு வேகம் (விநாடிக்குக் கிலோமீட்டர்) = 4.74 × குறுக்கு நகர்வு ÷ இடமாறு தோற்றம்

4.74 என்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தை ஓராண்டின் விநாடிகளால் வகுத்தால் வரும் எண். நீங்களே வகுத்துப் பாருங்கள். 4.74 × 10,390 ÷ 547 = 90. பார்வைக்கோட்டில் அது விநாடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கி வருகிறது. இரண்டும் செங்குத்தானவை என்பதால் பிதாகரஸ் தேற்றப்படி மொத்த வேகம் சுமார் 142. ஒரு விண்மீனின் முழு இயக்கமும் உங்கள் கையில் வந்துவிட்டது.

தரவை இறக்குவது

கையா ஆவணக் காப்பகத்தில் கணக்கு திறக்காமலேயே கேள்வி அனுப்பலாம். நிரல் எழுதத் தெரியாதவர்கள் டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஆஸ்ட்ரோபை என்ற நூலகம் ஆயத்தொலை மாற்றங்கள் அனைத்தையும் செய்து தரும். மடிக்கணினி மெதுவானது என்றால், உலாவியிலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாப் போதும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. "முதல் ஐம்பதாயிரம் வரி" என்று கேட்டு வாங்காதீர்கள். கையாவின் அடையாள எண்கள் வானத்து இடத்தை வைத்தே அமைந்தவை. அப்படிக் கேட்டால் பெரும்பாலும் வானத்தின் ஒரு மூலையே கிடைக்கும்; கணக்கு ஓடும், விடை பொருளற்றதாக இருக்கும். தொகுப்பிலேயே சமவாய்ப்பு எண் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. அதில் ஒரு வரம்பு கொடுத்துக் கேட்டால் வானம் முழுவதிலிருந்தும் நியாயமான மாதிரி வரும்.

வடிகட்ட மூன்று நிபந்தனைகள் வையுங்கள். இடமாறு தோற்றம் அதன் பிழையைப் போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். அளவீட்டுப் பொருத்தத்தின் தரத்தைச் சொல்லும் ருவே எண் 1.4க்குக் கீழே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் அது இரட்டை விண்மீனாக இருக்க வாய்ப்புண்டு. பால்வீதி அட்சரேகை சுழிக்கு இருபுறமும் 10 பாகைக்குள் இருக்கட்டும், ஏனெனில் முதலில் பால்வீதியின் தட்டையான வட்டைத்தான் படிக்கிறோம்.

பிழை அதிகமான விண்மீன்களுக்கு 1,000ஐ வகுத்துத் தொலைவு காண்பது தவறான விடை தரும். இடமாறு தோற்றத்தில் மேலும் கீழும் ஒரே அளவு பிழை வந்தாலும், தலைகீழாக்கும்போது தொலைவில் ஒரு பக்கமாக இழுத்துவிடும். அதனால்தான் பத்து மடங்கு என்ற கண்டிப்பு. தொலைதூர விண்மீன்கள் தேவைப்படும்போது, பெய்லர் ஜோன்ஸ் குழுவினர் 2021இல் வெளியிட்ட தொலைவுப் பட்டியலைக் கையா எண்ணோடு இணைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கையாவின் இடமாறு தோற்றங்களில் ஒரு சிறு முறையான சாய்வு உண்டு. இடமாறு தோற்றமே தெரியாத அளவுக்குத் தொலைவில் ஒளிரும் குவாசார்களை வைத்துப் பார்த்தால் சராசரியாக 0.017 மில்லி வில்விநாடி குறைவாகக் காட்டுகிறது. அருகிலுள்ள விண்மீனுக்கு இது பொருட்டில்லை. ஐந்து கிலோபார்செக்குக்கு (5,000 பார்செக்) அப்பால் இடமாறு தோற்றமே 0.2தான், அங்கே இதைத் திருத்தாமல் போகக் கூடாது.

வல எழுச்சி (வானத்துத் தீர்க்கரேகை) திசையில் கொடுக்கப்பட்டிருக்கும் குறுக்கு நகர்வில் வான்சாய்வின் கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் மறுபடி பெருக்க வேண்டாம். இதையெல்லாம் பால்வீதி ஆயத்தொலைக்கு மாற்றுங்கள்: தீர்க்கரேகை 0 மையத்தை நோக்கி, 90 நாம் சுற்றிச்செல்லும் திசையில், 180 மையத்துக்கு நேர் எதிரே.

சுழற்சியைப் பிடிப்பது

இந்தப் பகுதியில் அவசரப்பட வேண்டாம். நாமும் சூரியனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறோம். சுற்றுகிற ஒருவர், தன்னைச் சூழ்ந்து சுற்றுகிறவர்களை மட்டும் பார்த்து மொத்தச் சுழற்சியை எப்படி அறிவது?

திருவிழாக் கூட்டத்தில் பிராகாரம் சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள். உள்வட்டத்தில் இருப்பவருக்குச் சுற்று சிறியது. அவர் சீக்கிரம் சுற்றிவிடுவார். ஆகவே உள்பக்கம் முன்னால் இருப்பவர் நம்மைவிட்டு விலகிப்போவார். உள்பக்கம் பின்னால் இருப்பவர் நம்மை எட்டிப்பிடிக்க நெருங்குவார். வெளிவட்டத்தில் இது தலைகீழ்: முன்னால் இருப்பவரை நாம் நெருங்குகிறோம், பின்னால் இருப்பவர் விலகுகிறார். முழு வட்டத்தையும் ஒருமுறை பார்த்தால் விலகல், நெருக்கம், விலகல், நெருக்கம் என்று இரண்டு அலை வருகிறது.

விண்மீன்களிலும் இதே இரட்டை அலைதான். 1927இல் டச்சு வானியலாளர் யான் ஊர்ட் இதை அளந்து காட்டினார். அதற்குச் சற்று முன் சுவீடனின் பெர்ட்டில் லிண்ட்பிளாட் பால்வீதி சுழல்கிறது என்ற கருத்தை உருவாக்கியிருந்தார். ஊர்ட்டின் இரு மாறிலிகளை ஏ, பி என்று அழைப்போம்:

பார்வைக்கோட்டு வேகம் = ஏ × தொலைவு × சைன் (2 × தீர்க்கரேகை)

4.74 × தீர்க்கரேகை வழிக் குறுக்கு நகர்வு = ஏ × கொசைன் (2 × தீர்க்கரேகை) + பி

தொலைவைக் கிலோபார்செக்கில் வையுங்கள். இச்சமன்பாடுகள் சூரியனிலிருந்து ஒன்றிரண்டு கிலோபார்செக் வரை மட்டும் செல்லும்.

ஆனால் இவற்றை நேராகத் தரவில் பொருத்தினால் பொருந்தாது. சூரியன் சுத்தமான வட்டத்தில் செல்வதில்லை. அண்டை விண்மீன்களின் சராசரி ஓட்டத்துக்கு மேல் அதற்குத் தனிவேகம் இருக்கிறது: மையத்தை நோக்கிச் சுமார் 11, சுழற்சித் திசையில் 12, வட்டுக்கு மேலே 7, எல்லாம் விநாடிக்குக் கிலோமீட்டர். 2010இல் ஷான்ரிக், பின்னி, டேனன் மூவரும் கணித்த எண்கள் இவை. ஒரு கிலோபார்செக் தொலைவில் இத்தனிவேகம் உண்டாக்கும் தோற்ற நகர்வு, நாம் தேடும் அலைக்கு ஏறக்குறைய நிகரானது. ஆகவே குறுக்கு நகர்வுச் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் இன்னோர் உறுப்பைச் சேருங்கள்: (மைய நோக்கு வேகம் × சைன் தீர்க்கரேகை − சுழற்சித் திசை வேகம் × கொசைன் தீர்க்கரேகை) ÷ தொலைவு. இப்போது தெரியாதவை நான்கு. நான்கும் நேரியல் உறுப்புகள். மீச்சிறு வர்க்க முறையில் ஒரே தடவையில் தீர்த்துவிடலாம்.

தனிவேகத்துக்கு மேற்சொன்ன எண்களை முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். தரவே சொல்லட்டும். உங்கள் விடை 11க்கும் 12க்கும் அருகே வருகிறதா என்பது இலவசமாகக் கிடைக்கும் சோதனை.

ஏ, பி எவ்வளவு வர வேண்டும்? கையாவின் முதல் தொகுப்பை வைத்து 2017இல் ஜோ போவி கண்டவை: ஏ 15.3, பி −11.9, அலகு ஒரு கிலோபார்செக்குக்கு விநாடிக்குக் கிலோமீட்டர். இவற்றிலிருந்து இரண்டு பெரிய உண்மைகள் வருகின்றன. ஏ − பி = 27.2, இது சூரியன் இருக்கும் இடத்தின் கோணவேகம். மையத்திலிருந்து நம் தொலைவு 8.2 கிலோபார்செக், ஏறக்குறைய 26,700 ஒளியாண்டு. பெருக்கினால் விநாடிக்கு 223 கிலோமீட்டர். அடுத்து, ஏ + பி = 3.4, ஒரு கிலோபார்செக் வெளியே போனால் சுழற்சி வேகம் 3.4 மட்டுமே குறைகிறது. 223இல் 3.4 குறைவது மிகச் சொற்பம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எடைபோடும்போது இதுதான் பேசும்.

முற்றிலும் வேறு வழியில் ஒரு சரிபார்ப்பும் உண்டு. மையத்தில் உள்ள பெருங்கருந்துளையான சாஜிட்டேரியஸ் ஏ*, வானத்தில் பால்வீதித் தளத்தை ஒட்டி ஆண்டுக்கு 6.4 மில்லி வில்விநாடி நகர்வதாக ரேடியோ தொலைநோக்கிகள் காட்டுகின்றன. அது அசையாமல் நிற்க, நாம் அதைச் சுற்றுவதன் பிரதிபலிப்பே இது. 4.74 × 6.4 × 8.2 = 249. சூரியனின் தனிவேகம் 12ஐக் கழித்தால் 237. கருந்துளை வழி வந்த 237உம் விண்மீன் வழி வந்த 223உம் முழுதாக ஒன்றவில்லை. ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் 230ஐ ஒட்டிய மதிப்பை எடுக்கிறார்கள். இந்த இடைவெளி உங்கள் கணக்கின் குறையல்ல. சுருள் கைகளும் மையத் தண்டும் அருகிலுள்ள விண்மீன்களின் ஓட்டத்தைக் கலைக்கின்றன.

230 என்று கொண்டால் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 22 கோடி ஆண்டு ஆகும்.

எடைபோடுவது

இப்போது வெளியே போகிறோம். தொலைவு, குறுக்கு நகர்வு, பார்வைக்கோட்டு வேகம் மூன்றும் உள்ள செம்பெரும் விண்மீன்களை எடுங்கள். அவை பிரகாசமானவை என்பதால் வெகுதூரம் வரை தெரியும். ஆஸ்ட்ரோபையில் மையத்தை ஆதாரமாகக் கொண்ட ஆயத்தொலைக்கு மாற்றி, மையத்திலிருந்து உள்ள தூரப்படி ஒவ்வொரு கிலோபார்செக்காகப் பிரித்து, சுழற்சி வேகத்தின் இடைநிலையைக் காணுங்கள். வயதான விண்மீன்கள் தாறுமாறான வேகங்களைச் சேர்த்துக்கொண்டவை; அவற்றின் சராசரிச் சுழற்சி உண்மையான வட்டவேகத்துக்குக் கீழே விழும். எனவே வேகச் சிதறல் அதிகமான தொகுதிகளுக்கு அதற்கேற்ற திருத்தம் வேண்டும். ஒளி சீராகக் கூடிக் குறையும் இளம் செபீடு விண்மீன்களில் இத்தொல்லை குறைவு.

2019இல் ஐலர்ஸ் குழுவினர் 23,000க்கு மேற்பட்ட செம்பெரும் விண்மீன்களை வைத்து 5 முதல் 25 கிலோபார்செக் வரை சுழற்சி வேகம் தூரத்தோடு மாறும் வளைவை வரைந்தார்கள். சூரியன் இருக்கும் இடத்தில் 229. அங்கிருந்து கிலோபார்செக்குக்கு 1.7 வீதம் சரிவு. உங்கள் வளைவை இதோடு ஒப்பிடுங்கள்.

உள்ளடங்கிய நிறைக்கு எளிய சூத்திரம்: வேகத்தின் வர்க்கம் × தூரம் ÷ ஈர்ப்பு மாறிலி. தூரம் கிலோபார்செக்கிலும் நிறை சூரிய நிறையிலும் இருந்தால் ஈர்ப்பு மாறிலி 0.0000043. 229இன் வர்க்கம் 52,441, அதை 8.2ஆல் பெருக்கி மாறிலியால் வகுத்தால் சுமார் 10,000 கோடி சூரியன்கள். நம் சுற்றுப்பாதைக்குள் அடங்கிய மொத்த எடை இது.

20 கிலோபார்செக்கில் என்ன? சரிவுப்படி வேகம் சுமார் 209. அதே கணக்கில் 20,000 கோடி வருகிறது, சரியாக இரட்டிப்பு. சூரியனின் சுற்றுப்பாதைக்கு வெளியே வேறு நிறையே இல்லை என்றால், கெப்ளர் விதிப்படி அங்கே வேகம் 147ஆக விழுந்திருக்க வேண்டும். தரவு 209 என்கிறது. பால்வீதியின் விண்மீன்கள் அனைத்தின் நிறையே 5,000 அல்லது 6,000 கோடிச் சூரியன்கள் அளவில்தான், அதிலும் பெரும்பங்கு உள்ளேயே அடங்கிவிட்டது. கரும்பொருள் என்று புத்தகத்தில் படிப்பது, நீங்கள் போட்ட பெருக்கலில் மிச்சமாக வந்து நிற்கிறது. என் மாணவர்களிடம் இந்த இடத்தில் நான் விளக்கம் சொல்வதில்லை. இரண்டு எண்களையும் பலகையில் அருகருகே எழுதி விடுகிறேன்.

இந்தச் சூத்திரம் நிறை கோளமாகப் பரவியிருப்பதாகக் கொள்கிறது. வட்டு கோளமல்ல. அதனால் அடுத்தபடியாக மூன்று உறுப்பு மாதிரி: மையப் புடைப்பு, தட்டை வட்டு, சுற்றியுள்ள கரும்பொருள் கூடு. வட்டுக்கு 1975இல் மியாமோட்டோவும் நாகாயும் தந்த சூத்திரம், கூட்டுக்கு நவாரோ, ஃபிரெங்க், ஒயிட் மூவரின் சூத்திரம். போவி எழுதிய கால்பை நூலகத்தில் மூன்றும் தயாராக இருக்கின்றன. அதன் ஆயத்த மாதிரியில், நம் இடத்து ஈர்ப்பு விசையில் புடைப்புக்கு 5 விழுக்காடு, வட்டுக்கு 60, கூட்டுக்கு 35. இப்பங்குகளை ஒவ்வொன்றாக மாற்றி வளைவு எப்படி வளைகிறது என்று பாருங்கள். வட்டைக் கூட்டிக் கூட்டைக் குறைத்தாலும் 5 முதல் 10 கிலோபார்செக் வரை வளைவு ஓரளவு பொருந்திவிடும்; பிரித்துக் காட்டுவது வெளிப்புறம்தான். சுமார் 20 கிலோபார்செக்குக்கு அப்பால் வளைவு இன்னும் செங்குத்தாகச் சரிகிறது என்று 2023 முதல் சில குழுக்கள் சொல்கின்றன. அங்கே விண்மீன்கள் குறைவு, தொலைவுப் பிழை அதிகம். முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

மாதிரி பொருந்தாத இடம்

இதுவரை பால்வீதி அமைதியாக, சீராகச் சுற்றுவதாகக் கொண்டோம். அது உண்மையல்ல என்பதை நீங்களே ஒரு வரைபடத்தில் காணலாம். மையத்திலிருந்து 8.24 முதல் 8.44 கிலோபார்செக் வரையுள்ள விண்மீன்களை மட்டும் எடுங்கள். கிடை அச்சில் வட்டிலிருந்து உயரம், செங்குத்து அச்சில் மேல்கீழ் வேகம், நிறத்தில் சுழற்சி வேகம். அமைதியான வட்டாக இருந்தால் மங்கலான முட்டை வடிவம் வர வேண்டும். வருவது சுருள். 2018இல் தெரேசா அன்டோஜாவும் குழுவினரும் கையாவின் இரண்டாம் தொகுப்பில் இதைக் கண்டார்கள். 30 முதல் 90 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒன்று வட்டைக் கலக்கியிருக்கிறது. சாஜிட்டேரியஸ் குறு விண்மீன் மண்டலம் அருகே கடந்துபோனதே காரணம் என்பது முதன்மையான ஊகம்.

இந்த வரைபடத்துக்குப் பார்வைக்கோட்டு வேகம் உள்ள சில லட்சம் விண்மீன்கள் தேவை. இணையம் மெதுவாக இருந்தால் தேவையான நெடுவரிசைகளை மட்டும் கேளுங்கள்: இடம் இரண்டு, இடமாறு தோற்றம், குறுக்கு நகர்வு இரண்டு, பார்வைக்கோட்டு வேகம். நிறப் பட்டையை 200 முதல் 250 வரை சுருக்கி வைத்தால்தான் சுருள் தெளியும். முதல் முயற்சியில் தெரியாவிட்டால் உயரத்தை ஒரு கிலோபார்செக்குக்குள், வேகத்தை 60க்குள் கட்டுப்படுத்தி மறுபடி வரையுங்கள்.

பிறகு அதே வரைபடத்தை வேறு இரண்டு இடங்களுக்கு வரையுங்கள், உள்ளே மையத்திலிருந்து 7.5 கிலோபார்செக் அளவில் ஒன்று, வெளியே 9 அளவில் ஒன்று. இரண்டு சுருள்களும் ஒரே அளவு சுற்றியிருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அந்த வேறுபாட்டைத் தர வேண்டுமானால் உங்கள் மூன்று உறுப்பு மாதிரியில் வட்டின் எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே அடுத்த கணக்கு.